பெரகலவுக்குக் கீழே காற்று கனம்

பிள்ளைகளா, பெரகல சந்தி தாண்டி பஸ் மலையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியதும் நான் ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். காது அடைக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். காது அடைப்பது உண்மைதான், எச்சிலை விழுங்கினால் திறக்கும். ஆனால் அந்த வளைவுகள் வந்தால் எண்ணெய் ஊற்றி வைக்கிற ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கான் என் கண் முன்னால் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் வயிறு ஒட்டிப்போய், புல் இல்லாமல் கிடந்த மாட்டைப் போல இருக்கும். அதைப் பார்த்தபடியே நான் பேசாமல் வருவேன். போன வாரம் இளையவன், கூட்டாளியின் காருக்குப் பெரிய இன்ஜெக்டர் போட்டு வேகமாக்கப் போகிறோம் என்று சாப்பிடும்போது சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இனியும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுத உட்கார்ந்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பேசுகிற மாதிரியேதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவளே, டாக்டரய்யாவை உனக்கு நினைவிருக்காது. உன் நெஞ்சில் குழாயை வைக்கும் முன் அதன் வட்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவார். அப்படிச் செய்த வேறு டாக்டரை நான் பார்த்ததில்லை. உனக்குக் கைக்குழந்தையிலேயே இழுப்பு. மழைக்காலம் வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் உன் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். பதுளைக்கு வந்து, திரும்பிப் போக முடியாத அளவுக்குச் சண்டை மூண்டு, அப்படியே இங்கே தங்கிவிட்டவர். மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலப் பக்கமிருந்தும் தாய்மார் விடியும் முன்னே புறப்பட்டு, பிள்ளையைச் சீலைக்குள் மூடிக்கொண்டு அவருடைய கிளினிக்குக்கு வருவார்கள். காரணம் மருந்து மட்டும் இல்லை. மற்ற இடத்தில் தங்கள் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை யாராவது சிங்களத்தில் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆள் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார். டாக்டரய்யாவிடம் நேராகச் சொல்லலாம். "இழுக்கிறப்ப புள்ளைக்கு வகுறு உள்ள உள்ள போகுதுங்க, நாய்க்குட்டி ஓடி வந்து படுத்த மாதிரிங்க" என்று ஒரு அம்மா சொன்னால், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். அவருடைய தமிழைக் கேட்டு முதல் தடவை எல்லோரும் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. அது கார். அப்போது நான் பதுளையில் ஒரு கராஜில் பாஸ் வேலை பார்த்தேன். ரிப்பேர் செய்கிறவனை நம் ஊரில் பாஸ் என்றுதானே கூப்பிடுவார்கள், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு டர்போ உள்ள ஒரு என்ஜினை வாங்கி மாட்டச் சொன்னார். டர்போ என்றால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற சக்கரம். தள்ளத் தள்ள வேகம் கூடும். ஆனால் நம் கடைப் பெட்ரோல் அந்த அமுக்கத்தைத் தாங்கவில்லை. மேட்டில் மிதித்தால் தகரத்துக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தொடர்ந்தால் பிஸ்டன் போய்விடும். அதனால் அவர் பெட்ரோலை விட்டுவிட்டு எதனோலில் ஓட்டப் போகிறேன் என்றார். கரும்பிலிருந்து வடிக்கிற ஸ்பிரிட்தான் எதனோல். கீழ் ஊவாவில் கரும்பு விளைகிற பக்கத்திலிருந்து முறைப்படி பெர்மிட் எடுத்து வாங்கி வந்தார். அது குளிர்ச்சியாக எரியும், அந்தக் கூழாங்கல் சத்தம் வராது. ஆனால் ஒரு சிக்கல். பெட்ரோலை விட அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேண்டும். அவ்வளவையும் நேரத்துக்கு உள்ளே பீச்சுவதற்கு இருக்கிற இன்ஜெக்டர் போதாது.

இன்ஜெக்டர் அளவு என்றால் என்ன என்று எனக்கு அவர் விளங்கப்படுத்தியதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. "பால் போத்தல் சூப்பியைப் பாரும் பாஸ்," என்றார். "ஓட்டை சின்னனெண்டால் பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிக் களைச்சுப் போகும், வயிறு நிரம்பாது. பெரிசெண்டால் பால் கொட்டிப் புரைக்கேறும். கட்டிப்பால் குடிச்ச பிள்ளைக்கு இப்ப தண்ணிப்பால் குடுக்கப் போறம். அப்ப ஓட்டை பெரிசாக வேணும். எவ்வளவு பெரிசு எண்டதுதான் கேள்வி." சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த தடவை வரும்போது அளவுக் கோடு போட்ட நான்கு பால் போத்தலோடு வந்தார். நான்கு இன்ஜெக்டரையும் ஒரு பலகையில் வரிசையாக மாட்டி, கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தலை வைத்து, ஸ்பிரிட்டைப் பீச்சவிட்டு எது எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மாமா லொறியோடு வந்து இறங்கினார். அம்மாவுடைய தம்பிதான், அவருடைய வாய் உங்களுக்குத் தெரியும். போத்தல்களைப் பார்த்துவிட்டு, "என்னா மச்சான், டாக்டரய்யா வீட்டுல ஒரே பிரசவத்துல நாலா?" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. டாக்டரய்யா தலையை நிமிர்த்தாமலே, "ஓம் தம்பி. நாலும் உம்மட பக்கத்துச் சாடை. பாலைக் காட்டினா முகத்தைத் திருப்புதுகள், ஸ்பிரிட்தான் வேணுமாம்," என்றார். அன்றிலிருந்து மாமா அவருடைய ஆளாகிவிட்டார்.

அந்த ஸ்பிரிட்டைப் பார்த்து நான் பயப்படத் தொடங்கியதும் அதே பலகையடியில்தான். ஒரு நாள் கொஞ்சம் தரையில் சிந்தியிருந்தது. பற்றரி வயரிலிருந்து ஒரு பொறி விழுந்தது, அவ்வளவுதான். எதுவும் எரிகிற மாதிரி தெரியவில்லை. நல்ல வெயில் நேரம். என் முழங்காலுக்குக் கீழே சுட்டது. குனிந்து பார்த்தால், பக்கத்தில் கிடந்த துடைக்கிற துணி தானாகச் சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது. நெருப்பு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தேன். பெட்ரோல் தீயென்றால் மஞ்சளாக எழும்பும், பார்த்த உடனே ஓடலாம். இதில் எந்தப் பக்கம் ஓடுவது? அன்றைக்குப் பிறகு அந்தக் காருக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் முதலில் கையை நீட்டிச் சூடு பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இன்ஜெக்டர் எங்களிடம் மூன்று வகை இருந்தது. என்ஜினோடு வந்த சின்னது, வேறொரு பெரிய என்ஜினிலிருந்து கழற்றிய நடுத்தரம், வெளிநாட்டிலிருந்து அவருடைய அண்ணா அனுப்பிய பெரியது. சின்னது உதவாது என்று பால் போத்தலே சொல்லிவிட்டது. நடுவா, பெரியதா என்பதுதான் மீதி. ஓட்டிப் பார்க்க ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டுக்குப் போவோம். தோட்டத்தை நடத்துகிற துரையும் அனுமதி கொடுத்திருந்தார். பெரிய இன்ஜெக்டரைப் போட்டால் அந்தக் குளிரில், பனிமூட்டத்துக்குள், கார் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் நின்ற இடத்தில் விக்கும். பிளக்கைக் கழற்றினால் நனைந்து சொட்டும், என்ஜின் எண்ணெயிலும் ஸ்பிரிட் வாடை ஏறியிருக்கும். அவர் சொன்ன புரையேற்றம் அதுதான். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்துகிற பெட்டியைத் திருகித் திருகிப் பார்த்தார், அவ்வளவு சின்ன மடக்காகக் கொடுக்க அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. நடு இன்ஜெக்டரோ தங்கமாக வேலை செய்தது. முழுதாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினால், பிள்ளைகளின் காதுக்குள் பார்க்கிற சின்ன டோர்ச்சை அடித்துப் பார்ப்பார். "வடிவாய் கிடக்கு. நடுவிலான் காணும்," என்றார். காணும் என்றால் அவர் பேச்சில் போதும் என்று அர்த்தம். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பெரியதைத் துணியில் சுற்றிப் பதுளை கராஜ் அலமாரியில் வைத்தோம்.

பந்தயம் கீழே, வெல்லவாயப் பக்கம். கரும்புக் காணிகளுக்கு நடுவில் வளைவே இல்லாத ஒரு ரோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அடைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். முதல் நாள் இரவு தோட்டத்திலேயே தங்கி, மாமாவின் லொறியில் காரை ஏற்றி, பாதி ஸ்பிரிட் மிச்சமிருந்த கானையும் கட்டிக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்து காலையில் பெரகலவைத் தாண்டினோம். சண்டை நின்றிருந்த காலம்தான். ஆனால் கீழே ஓரிடத்தில் சோதனைச்சாவடி அப்படியே இருந்தது. தமிழ்ப் பெயர் உள்ள மூன்று அடையாள அட்டை, பின்னால் மூடிய கார், வாடை வீசுகிற ஒரு கான். சாவடியைக் கண்டதுமே சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இளவயசு சிப்பாய் ஒருவன் லொறியின் பின்னால் ஏறி மோந்து பார்த்தான். "கசிப்பா?" என்று சிங்களத்தில் கேட்டான், கள்ளச்சாராயமா என்று. டாக்டரய்யா பெர்மிட்டை நீட்டினார். அவன் அதை வாங்காமல் கானைக் காட்டித் திறக்கச் சொன்னான். அப்போதுதான் நான் பின்னால் ஏறிக் கானைச் சரியாகப் பார்த்தேன். மேலே ஏற்றும்போது நன்றாக இருந்த கான், யாரோ இரண்டு பக்கமும் முழங்காலால் அமுக்கிய மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று அது காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி அதன் வயிறு 'டொம்' என்று வெளியே தள்ளியது.

சிப்பாய் லொறியிலிருந்து கீழே குதித்தான். தோளில் கிடந்த துவக்கின் குழல் என் நெஞ்சுக்கு நேரே வந்தது. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் கத்தினான். நான் கையைத் தூக்கினேன், மூடி உருண்டு ரோட்டில் போனது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. டாக்டரய்யாவும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவர் துவக்கைப் பார்க்கவில்லை. கானையே பார்த்துக்கொண்டு நின்றார். வயசான சார்ஜண்ட் ஒருவர் வந்து, கானைத் தட்டிப் பார்த்து, பெர்மிட்டை வாசித்து, அந்தப் பையனுக்கு ஏதோ ஏச்சும் கொடுத்து எங்களைப் போகச் சொன்னார். போகும்போது அந்தச் சிப்பாயே மூடியைத் தேடிப் பொறுக்கி என் கையில் தந்தான்.

லொறி கொஞ்ச தூரம் போன பிறகு மாமா, "நல்ல வேளை மச்சான், காலையில நான் ஒண்ணும் சாப்புடல. சாப்புட்டிருந்தா இந்தச் சீட்டையும் கழுவணும்," என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. டாக்டரய்யா மட்டும் காதில் விழாதவர் போல இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பாஸ், அந்தக் கானை எங்கை வைச்சு மூடினனீர்?"

"மேல தோட்டத்துலதாங்க ஐயா. நேத்து ஓட்டிப் பாத்து முடிச்சதும்."

"இறுக்கியோ?"

"வாடை வராம இறுக்கித்தாங்க மூடினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேலை இருந்த காத்தை அடைச்சுக்கொண்டு வந்தனீர். கீழ வர அது போதாமல் போச்சு. அதுதான் கான் ஒட்டினது. பெரகலவுக்குக் கீழ காத்து கனம், பாஸ். எங்கட என்ஜினும் இண்டைக்கு அந்தக் கனத்தைத்தான் குடிக்கப் போகுது. காத்து கூடினா ஸ்பிரிட்டும் கூட வேணும். நடுவிலான் அதைக் குடுக்குமோ தெரியேல்லை."

பிள்ளைகளா, இளையவன் இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். காற்றுக்கு ஏற்ற அளவு ஸ்பிரிட் போகாவிட்டால் என்ஜின் சும்மா நின்றுபோகாது. முதலில் இன்னும் உற்சாகமாகத்தான் ஓடும். உள்ளே மட்டும் சூடு ஏறும். பிஸ்டன் உருகி ஒட்டிப்பிடித்தால், போகிற வேகத்திலேயே சக்கரம் இறுகிவிடும். அந்த வேகத்தில் கார் எங்கே போய் எப்படிக் கிடக்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. பிறகு அந்தக் கண்ணுக்குத் தெரியாத நெருப்பு. இதெல்லாம் தெரிந்த நாங்கள் ஏன் அந்தக் காற்றை யோசிக்கவில்லை? நாங்கள் மலையில் பிறந்து மலையிலேயே மூச்சு விட்டவர்கள். காற்றுக்குக் கனம் உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும் என்பது எங்களுக்கு எங்கே தோன்றும்? கடற்கரையில் பிறந்த அவருக்கும், இத்தனை வருஷம் இந்தக் குளிரில் இருந்து அது மறந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் அளந்தோம், அளந்த இடத்தை மட்டும் யோசிக்கவில்லை.

வெல்லவாயப் பக்கத்து வெயில் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. காரை இறக்கி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். டாக்டரய்யா என்ஜினை மூடுகிற பொனற்றில் படிந்த தூசியில் விரலால் கணக்குப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். "மட்டுமட்டாய் காணும் போலை கிடக்கு," என்றார்.

"மட்டுமட்டான்னா எப்படிங்க ஐயா?"

"எண்டால், காணும். காணாமலும் விடலாம்."

சொல்லிவிட்டு, ஓரத்தில் நின்ற அம்புலன்ஸ் வேனுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. வந்து தலைக்கவசத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ஓடத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நாளைக்குத் திங்கட்கிழமை. கிளினிக் நாள். சீலைக்குள் பிள்ளையை மூடிக்கொண்டு கிளினிக் வாசலில் கிடக்கிற நீள மர வாங்கில் உட்கார்ந்திருக்கிற தாய்மார் எல்லோரும் என் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவர்களுக்குள் உன் அம்மாவும் இருந்தாள், மூத்தவளே. வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற மனிதர் இல்லை அவர். அதனால் வேறு விதமாகச் சொன்னேன். எக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்தால் முழுதாக அமுங்காது. அமுங்காவிட்டால் அவ்வளவு காற்று உள்ளே போகாது. காற்று குறைந்தால் நடு இன்ஜெக்டர் தாக்குப்பிடிக்கும். முக்கால் வேகத்தில் ஓடி முடிக்கட்டும்.

அவர் முகம் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பாஸ், நான் இந்த நாட்டிலை வேலைக்குப் போனாலும் நில் எண்டுவினம். வீட்டை போனாலும் நில் எண்டுவினம். அம்மா செத்ததுக்குப் போகேக்கையும் மூண்டு இடத்திலை இறக்கி நிப்பாட்டினவை. ஒருத்தரும் என்னை நில் எண்டு சொல்லாத இடம் இந்த நேர் ரோட்டு ஒண்டுதான். இப்ப நீரும் என்ரை காலுக்குக் கீழ ஒரு சாவடி போடப் போறீரோ?"

எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "ஆமாங்க ஐயா. போடுறேங்க. நாளைக்கு மடுல்சீமையிலருந்து ஆளுங்க வருவாங்க. அவங்ககிட்ட நான் என்னான்னுங்க சொல்றது?"

அவர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "என்னத்தை வைக்கப் போறீர்?" என்று மட்டும் கேட்டார். கட்டைக்கு எங்கே போவது என்று நான் தேட, மாமா தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். "வெட்டிக்க மச்சான். ஐயா ஜெயிச்சா சோடியா வாங்கிக் குடுப்பாரு. தோத்தா ஒத்தக் காலோட நான் பதுளை வரைக்கும் லொறி ஓட்டணும்." செருப்பின் குதிப்பக்கத்தை வெட்டி, இரண்டாக மடித்துக் கம்பியால் கட்டி, பெடலுக்கு அடியில் திருகி வைத்தேன். கையால் அழுத்திப் பார்த்தேன். திரும்பவும் அழுத்திப் பார்த்தேன்.

அவர் முறை வந்தது. கார் புறப்பட்ட சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. நான் ரோட்டோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்திருந்தேன். அந்தக் கூழாங்கல் சத்தம் வருகிறதா, வருகிறதா என்று. வரவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், ரொம்பத் தூரத்தில், அது மெலிந்து கூர்மையாக ஒரு மாதிரி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தேன். ரோட்டின் அந்த முனையில் கார் நின்றது. அதற்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. கானல் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு அது கானலாகப் படவில்லை. துடைக்கிற துணி தானாகச் சுருண்டு கறுத்தது கண்ணில் நின்றது. நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். பின்னால் கத்தினார்கள், ஒலிபெருக்கியில் ஏசினார்கள். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. எவ்வளவு ஓடினாலும் அந்தக் கார் கிட்டே வரவில்லை.

கிட்டே போனபோது அவர் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்று தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்ன பாஸ், நீரும் ஓட்டத்துக்குப் பேர் குடுத்தனீரோ?" என்றார். முதலில் கையை நீட்டி பொனற்றுக்கு மேலே சூடு பார்த்தேன். ஒரு துணியை எடுத்து காரைச் சுற்றிச் சுற்றி வீசிப் பார்த்தேன். துணி துணியாகவே இருந்தது. அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் ஓட்டம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் பிளக்கைப் பார்ப்போம் என்று வேப்பமரத்தடியில் கழற்றினேன். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதின் வெள்ளைப் பகுதியில் உப்புத்தூள் மாதிரி இரண்டு மூன்று பொட்டு மினுங்கியது. தட்டினேன், விழவில்லை. அவர் டோர்ச்சை அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அது பிஸ்டனின் அலுமினியம். முக்கால் வேகத்திலேயே உள்ளே உருகத் தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய கார் இலக்கத்தை ஒரு தடவை கூப்பிட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். அவர் ஓட்டத்துக்குப் போகவில்லை. குனிந்து காருக்குள் கையை விட்டு, பெடலுக்கு அடியிலிருந்த செருப்புத் துண்டை எடுத்துவந்தார். அதில் பெடலின் வரி வரியான அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது.

"நான் அமத்தினனான், பாஸ்," என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "முழுசா அமத்தினனான். செருப்புத்தான் விடேல்லை."

தண்ணீர்ப் போத்தலை அவர் கையில் கொடுத்தேன். செருப்புத் துண்டைக் கீழே வைக்காமலே குடித்தார். மாமா ஒற்றைச் செருப்போடு போய்க் காரை லொறியில் ஏற்றத் தொடங்கினார். திரும்பி வரும்போது டாக்டரய்யா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பெரகலவில் லொறி வளைய, அவருடைய தலை என் தோளில் சாய்ந்தது. எனக்கு நடுக்கம் தொடங்கியது அங்கேதான். அவர் விழித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நாங்கள் பிஸ்டனை மாற்றி, பெரிய இன்ஜெக்டரைப் போட்டோம். அதற்கு ஏற்ற பெட்டியும் வந்தது. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். பல தடவை நன்றாக ஓடினார். மாமாவுக்குப் புதுச் செருப்புச் சோடி ஒன்றும் வந்தது. சில வருஷத்தில் அவர் இடமாற்றம் வந்து போய்விட்டார், அங்கிருந்து வெளிநாடு. இப்போது வருகிற வண்டிகள் காற்றின் கனத்தைத் தாங்களே பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. இளையவன் போனை வைத்துக்கொண்டே எல்லா அளவும் பார்க்கிறான். நல்லதுதான். ஆனால் கூட்டத் தெரிந்தாலும், இன்ஜெக்டர் கொடுக்கிற மட்டுக்கு மேல் எதுவும் கொடுக்க முடியாது. மகனே, அளவை முடிவு செய்யும் முன் அந்தக் கார் எந்த ஊர்க் காற்றில் ஓடப் போகிறது என்று கேள். மட்டுமட்டாகப் போதும் என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு வந்துவிடு. பயந்தவன் என்று சிரித்தால் சிரிக்கட்டும். அப்பா பயந்தவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் காலை, கராஜுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். கால் ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. உள்ளே போகவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தாய்மார் முந்தானையால் பிள்ளைகளின் தலையை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய் வாங்கில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் பால் போடாத பிளேன்டீயைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டரய்யா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவு மூடியது. நான் அப்படியே நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, ஊசி ஏறியிருக்க வேண்டும், ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. அந்த அழுகை அடங்கும் வரைக்கும் கேட்டுவிட்டு, ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்தேன்.